உப்புக்காற்றும் அழியாச் செல்வமும்

கற்பிட்டித் தீபகற்பத்தில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. ஒரு புறம் பெருங்கடல். மறுபுறம் புத்தளக் களப்பு. இரண்டுக்கும் இடையே மணல்மேடும் தென்னையுமாக நீண்டு கிடக்கும் அந்நிலத்தின்மீது உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகின்றது. புதிதாக அறைந்த ஆணி சில திங்களிற் செந்நிறங் கொள்கின்றது. கூரைத் தகரம் அரித்துத் துளைபடுகின்றது. துவிச்சக்கர வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் இடாது ஒரு பருவம் விட்டுவைத்தவன் மறு பருவத்தில் வேறு சங்கிலி தேடவேண்டியவனாகின்றான். ஆதலால், துருவும் அந்தும் தீண்டாத இடத்திற் செல்வத்தைச் சேர்த்து வைக்குமாறு மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் கூறிய அறிவுரை இக்கரையோர மக்களுக்கு உவமையாகத் தோன்றுவதில்லை. கண்ணாற் கண்ட செய்தியாகவே தோன்றுகின்றது.

இவ்வறிவுரையைக் கேளாத கிறிஸ்தவர் இலர். எனினும் இதனைப் பிழைபட விளங்கிக்கொண்டோர் பலர். இங்கே ஒன்றைத் துறந்தால் அங்கே நூறு கிடைக்கும். ஆகவே துறப்பது இலாபமான வாணிகம் என்று எண்ணுவோர் உண்டு. அங்ஙனம் எண்ணுபவர், ஊரிற் பெண்கள் மாதந்தோறும் சீட்டுப் பணம் கட்டி, தம் முறை வரும்போது மொத்தமாக எடுப்பதைப் போன்றதாக மோட்சத்தையும் கருதிவிடுகின்றனர். சீட்டு நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது பக்தியன்று. பேராசையை மறுமைக்கு ஒத்திவைத்தால் அது பேராசையாகவே இருக்கும். தவணை மட்டுமே நீளும்.

சுவிசேஷ நூல்களின் மூலமொழி கிரேக்கம். அங்கே பரலோகப் பலனைக் குறிக்க வழங்கும் சொல், நாட்கூலியையும் குறிக்கும் எளிய சொல்லேயாகும். ஆயினும் திராட்சைத் தோட்டத்து உவமையை எண்ணிப் பார்த்தால் அக்கூலியின் இயல்பு வேறென்பது புலனாகும். காலை முதல் வெயிலிற் காய்ந்தவனுக்கும், மாலை மங்கும் வேளையில் வந்து சேர்ந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே காசைக் கொடுக்கின்றார். கரைவலை இழுப்போரிடம் இக்கதையைக் கூறினால் அவர்கள் முதலில் முகஞ் சுளிப்பர். அவர்கள் கணக்கில், சம்மாட்டிக்கு உரியது போக, எஞ்சியதை வலையிழுத்தோர் பங்கு பங்காகப் பிரித்துக்கொள்வர், பாடுபடாதவனுக்குப் பங்கில்லை. உலக நீதி அதுவே, அதிற் குற்றமுமில்லை. உவமை கூறும் கூலியோ உழைப்பை அளந்து கொடுக்கும் கூலியன்று. கொடுப்பவரின் மனத்தை அளவாகக் கொண்ட கூலி. அதனைப் பேரம் பேசி வாங்க முடியாது.

இன்னுமொரு சொல்லும் உண்டு. பிறர் காணவேண்டுமென்று தருமஞ் செய்வோரும், சந்தியில் நின்று செபிப்போரும் தமக்குரிய பலனைப் பெற்றுவிட்டனர் என்று அதே பிரசங்கம் கூறுகின்றது. அங்குள்ள கிரேக்கச் சொல், அக்கால வணிகர் பணத்தை முற்றாகப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பற்றுச்சீட்டில் எழுதிய சொல்லென்பதை, எகிப்திய மணலிற் கிடைத்த பழைய பற்றுச்சீட்டுகளைக் கொண்டு அறிஞர் காட்டியுள்ளனர். புகழுக்காகச் செய்தவனுக்குப் புகழ் கிடைத்துவிட்டது. அவனுக்கு எவரும் கடன்பட்டிருக்கவில்லை. இதிற் சாபமில்லை, அச்சுறுத்தலுமில்லை. கணக்கு முடிந்துவிட்டது என்பது மட்டுமே உண்டு.

இந்தப் பற்றுச்சீட்டு உவமை புத்தளக் கரையிலே ஒரு காலத்தில் எழுத்துக்கெழுத்து உண்மையாக நடந்தது. அவ்வரலாறு பலர் அறியாதது.

ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசரை இலங்கையினின்றும் அகற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவ்வாண்டிலேயே, கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுத்து மறைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளையும் பிறந்தது. மறு ஆண்டிற் கற்பிட்டி அவர்கள் வசமாயிற்று. இன்றும் களப்பின் வாயிலிலே நிற்கும் கோட்டையை 1667 முதல் 1676 வரை அவர்கள் கட்டி முடித்தனர். களப்புக்கு அப்பால் இருந்த புத்தளமோ கண்டியரசனுடைய துறைமுகமாகவே தொடர்ந்தது. ஒரே களப்பின் இரு கரைகளில் இரு வேறு சட்டங்கள் நிலவின.

எனினும் மரண தண்டனையைவிட வலிமை மிகுந்த கருவி வேறொன்று ஒல்லாந்தர் கையில் இருந்தது. அதுவே தோம்பு என்னும் பதிவேடு. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களது சீர்திருத்தத் திருச்சபையிற் பதியப்பட்டாலன்றிச் சட்டப்படி செல்லா. பதிவில்லாதவரின் பிள்ளைக்குத் தந்தையின் காணியில் உரிமை கோருவது அரிது. முதலியார் பதவி முதல் ஊர்த் தலைமை வரையிலான உத்தியோகம் எதுவாயினும் அத்திருச்சபையைச் சார்ந்தோருக்கே உரியதாயிற்று. உலக வெற்றி இன்னது, அதன் விலை இன்னது என்று இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த காலம் வேறொன்று இருந்திருக்குமோ என்பது ஐயமே.

அவ்விலையைக் கொடுத்தோரை எளிதாகப் பழித்துவிடுதல் அறமன்று. தன் குழந்தை காணியற்று நிற்கக் கூடாதென்று அதனை ஏந்திக்கொண்டு ஒல்லாந்தத் தேவாலயத்துக்குச் சென்ற தாயின் மனத்தில் இருந்தது பேராசையா, பாசமா என்று தீர்ப்புக் கூற வல்லார் யார்? பலர் அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு பழைய செபமாலையை உருட்டினர். ஒல்லாந்தப் போதகரிலும் மெய்யான பற்றுடன் உழைத்தோர் இருந்தனர் என்பதை மறைக்கலாகாது. பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழறிந்த போதகர் வேதாகமத்தைத் தமிழில் தருவதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். குறை மனிதரில் இல்லை. பக்திக்குச் சம்பளம் வைத்த முறையிலேயே இருந்தது.

இந்நிலையில் 1687 ஆம் ஆண்டு, தூத்துக்குடியிலிருந்து வந்த தோணியொன்றில் இருவர் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினர். இருவரும் கூலியாட்களைப் போல அரையிற் கந்தை உடுத்தியிருந்தனர். அவர்களுள் ஒருவரே யோசேவ் வாஸ் அடிகளார். கோவாவிலே, நற்குடியில், 1651 இற் பிறந்து, இலத்தீனும் போர்த்துக்கீசமும் கற்று, குருவாகித் தம் ஊரில் மதிப்புடன் வாழ்ந்தவர். கோவாவிலிருந்த இளங்குருமாரின் சங்கமொன்றுக்குத் தலைவராகவும் இருந்தார். அத்தலைமையை விட்டே அவர் புறப்பட்டார். உடன் வந்தவர் யோவான் என்னும் இளைஞர். கடற்பயணத்தில் உணவும் நீருமின்றி நலிந்த அடிகளார், கரையிறங்கியதும் வயிற்றுக்கடுப்பினால் வீழ்ந்தார். இரக்கமுள்ள ஊரார் ஊட்டிய கஞ்சியினாலேயே உயிர் தப்பினார்.

பின்னர் அவர் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாக இரந்து சென்றார். இரப்பதற்காக மட்டும் சென்றாரல்லர். அம்மாலையைக் கண்டு எவருடைய கண் ஒரு கணம் நின்றதோ அவ்வீட்டில் மறைந்த விசுவாசம் உண்டென்று அறிந்துகொண்டார். முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்கள் அவரை மெல்ல இனங் கண்டனர். சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்தது. ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டி, பிடியாட்கள் தேடத் தொடங்கியபோது, 1690 ஆம் ஆண்டளவில் அவர் கண்டியரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். களப்பின் அக்கரையிற் செல்லும் கட்டளை இக்கரையிற் செல்லாது. புத்தளத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் நடையாகவே சுற்றி, சிதறிக் கிடந்த கத்தோலிக்கரை ஒன்றுசேர்த்தார்.

புத்தளத்தில் அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1692 இற் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கீசரின் ஒற்றரென்று ஒருவர் குற்றஞ்சாட்டியதனாற் சிறை புகுந்தார். சிறையிலிருந்தபடியே சிங்களம் பயின்றார். நாடு வறட்சியால் வாடிய 1696 இல் அவருடைய வேண்டுதலுக்குப் பின் மழை பொழிந்ததாகத் திருச்சபை வரலாறு கூறும். அதனை ஏற்பதும் விடுவதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் மறு ஆண்டு நடந்ததற்கு அற்புதம் வேண்டியதில்லை. கண்டியில் அம்மை நோய் பரவி, மக்கள் நோயாளரை விட்டு ஓடியபோது, அடிகளாரும் கோவாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவருடைய மருமகனான கார்வாலோ அடிகளாரும் வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கழுவினர், ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். நோயாளர் பெரும்பாலும் கிறிஸ்தவரல்லர். பௌத்தனாகிய இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் இவர்களுக்குத் தன் நாட்டிற் போதிக்க இடமளித்த பெருந்தன்மையும் நினைவுகூரத்தக்கது. தம் மதத்தினராகிய ஒல்லாந்தர் தேடிப் பிடிக்க முயன்ற ஒரு கிறிஸ்தவக் குருவைப் பௌத்த மன்னன் காத்தான்; வரலாற்றின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று.

1705 ஆம் ஆண்டளவில், பாப்பரசரின் தூதராக இந்தியாவுக்கு வந்த தூர்னோன் என்பவர், வாஸ் அடிகளாரை இலங்கைக்கு ஆயராக்க எண்ணினார். அடிகளார் இசையவில்லை, சாதாரண போதகராகவே இருந்துவிட்டார். அத்துறப்பினாற் பரலோகத்தில் உயர்ந்த இருக்கை கிடைக்குமென்று அவர் கணக்கிட்டாரெனில், முன்னர்க் கூறிய சீட்டுக்காரருக்கும் அவருக்கும் வேற்றுமையில்லை. ஆனால் அவர் வாழ்க்கையிற் கணக்கின் சுவடே காணப்படவில்லை. நடக்கவேண்டிய தூரமும் பார்க்கவேண்டிய நோயாளரும் இருந்தனர். ஆயர் பதவி அவ்வேலைக்கு வேண்டியதாக அவருக்குத் தோன்றவில்லை. நிலையான பலனை நாடுவதென்பது பலனையே நினைத்துக்கொண்டிருப்பதன்று என்பதை இதனினும் தெளிவாக விளக்கிக் காட்டுவது கடினம்.

அவர் 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியில் இறந்தார். அவரை அடக்கஞ்செய்த கோவில் பின்னாளில் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது. 2015 சனவரி 14 ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தபோது இலட்சக்கணக்கானோர் கூடினர். அம்மனிதருக்கு ஒரு சாண் கல்லறை இல்லை. அவரைத் தேடியோரின் கோட்டை மட்டும் கற்பிட்டியில் உறுதியாக நிற்கின்றது. இன்று அது இலங்கைக் கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது.

வாஸ் அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேறொரு கூட்டத்தாரை மறந்துவிடுகின்றனர். ஒரு குருவோ ஒரு சில குருமாரோ இத்தனை ஊர்களையும் காத்துக்கொண்டிருக்க இயலாது. ஓரூருக்குக் குரு ஆண்டில் ஒரு முறை வருவதே அரிது. எஞ்சிய நாட்களில் ஞாயிறு செபத்தை நடத்தியவரும், சாகும் நிலையிலுள்ளோர் அருகில் அமர்ந்தவரும், அவசரத்துக்கு ஞானஸ்நானங் கொடுத்தவரும், பிள்ளைகளுக்கு மந்திரங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவரும் ஊர் மூப்பர்களும் அண்ணாவிமாருமேயாவர். வலை வீசியும் கள் இறக்கியும் பிழைத்த மனிதர் அவர்கள். ஒல்லாந்தரின் பள்ளி ஆசிரியருக்கு அரசு சம்பளங் கொடுத்தது. அண்ணாவிக்குக் கொடுப்பார் இல்லை. பிடிபட்டால் தண்டனை உண்டு. தோம்பைப் புரட்டினால் முதலியார்களின் பெயர்களைக் காணலாம். இவர்களுடைய பெயர்களுட் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் இக்கரையிற் கத்தோலிக்க சமயம் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு ஒல்லாந்தர் ஆட்சியைக் கடந்து நின்றதற்குக் காரணம் தேடினால் இவர்களிடமே வந்து சேரவேண்டும்.

1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் நிலை சற்று வேறுபட்டது. அவரும் கோவாவினரே. வாஸ் அடிகளாருக்கு மறைக்கப்பட்டிருந்த ஒரு சோதனை இவருக்குத் திறந்திருந்தது. அது அரசவைப் புகழ். பன்மொழிப் புலமையினால் அவர் நரேந்திரசிங்க மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் இயற்றினார். 1737 இல் ஒல்லாந்தரின் அச்சகத்திலிருந்து முதற் சிங்கள நூல் வெளிவந்தபோது, கொன்சால்வெஸ் அடிகளாரிடம் அச்சு இல்லை. அவருடைய நூல்கள் ஏட்டிற் கையால் எழுதப்பட்டே ஊரூராகப் பரவின. முடிவில் அவர் தங்கியது அரண்மனையிலன்று. இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியில், தென்னஞ் சோலைகளுக்கிடையே உள்ள போலவத்தை என்னும் ஊரிலேயே தங்கினார். 1742 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் பெற்றார். அவர் இயற்றிய வியாகுல பிரசங்கம் தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இன்றும் இசையுடன் வாசிக்கப்படுகின்றது. கேட்டு அழும் முதியோருட் பலருக்கு அதனை எழுதியவர் இன்னாரென்று தெரியாது. ஓர் ஆசிரியனுக்கு அதனினும் உயர்ந்த நிலை வேறுண்டோ!

பதிவேட்டின் கதி யாதாயிற்று? ஒல்லாந்தர் ஆட்சி 1796 இல் முடிந்தது. 1801 ஆம் ஆண்டில் இலங்கையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர்களாகக் கணக்கிடப்பட்டிருந்தனர். பிரித்தானியர் உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இருந்த முடிச்சைத் தளர்த்தினர். பள்ளிகளுக்கான செலவையும் சுருக்கினர். பத்தாண்டு கழிவதற்குள் அப்பெருந்தொகை மளமளவெனச் சரிந்தது. அவர்களை எவரும் துன்புறுத்தவில்லை. சம்பளம் நின்றது, அவ்வளவே. 1806 ஆம் ஆண்டில் ஆள்பதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, புத்தளம், சிலாபம், கற்பிட்டிக் கரைகளில் இருந்த கத்தோலிக்கர் வெளிப்படையாகத் தேவாலயங்களுக்குச் செல்லத் தொடங்கினர்.

இவ்வளவும் பழங்கதை, இன்று நம்பிக்கைக்காக எவரும் காணியை இழப்பதில்லையே என்று நேயர்கள் வினவலாம். உண்மை. இன்று விலை பதிவேட்டில் எழுதப்படுவதில்லை. அதனாலேயே அதனைக் காண்பது கடினமாகிவிட்டது.

1980 களிலும் 1990 களிலும் இதே கரையில் இறால் வளர்ப்பு பெருஞ் செல்வத்தைக் கொணர்ந்தது. சிலாபம் முதல் முந்தல் வரை களப்போரங்களில் கண்டற் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்கள் தோண்டப்பட்டன. காணியை அடகு வைத்தோர் பலர். 1990 களின் நடுவில் வெண்புள்ளி நோய் பரவியது. சில நாட்களுக்குள் குளம் முழுவதும் செத்து மிதந்தது. கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் உவர் பூத்துக் கிடக்கின்றன. கண்டல் மீண்டும் எளிதில் முளைப்பதில்லை. இறால் வளர்த்தது பாவம் என்று கூறுவது அறிவீனம்; பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் வீட்டுக்குக் கூரை போடவும் பணம் வேண்டும். ஆனால் அடுத்த தலைமுறையின் மீன் ஒதுங்கும் காட்டை ஒரு பருவத்து இலாபத்துக்கு விற்றபோது, பக்கத்து வீட்டுச் சிறு வலைக்காரனின் பிழைப்பையும் சேர்த்தே விற்றனர். அந்து அரித்தது பணத்தை மட்டுமன்று.

வென்னப்புவ, மாரவிலப் பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் இத்தாலிக்குச் சென்று உழைக்கின்றன. அங்கிருந்து வரும் பணத்தில் எழும் பெரிய வீடுகளைத் தெருவிற் செல்வோர் வியந்து நோக்குவர். சில வீடுகளில் முதிய பாட்டியும் பேரப் பிள்ளைகளுமே வசிக்கின்றனர். பெற்றோர் அந்நிய நாட்டில் பிறருடைய முதியோரைக் கழுவி, ஊட்டிப் பராமரிக்கின்றனர். இது உலக வெற்றியா, தியாகமா? இரண்டையும் பிரிக்கும் கோடு வீட்டின் அளவில் இல்லை. எதற்காக, யாருக்காக என்ற வினாவில் உள்ளது. அவ்வினாவுக்கு வெளியே நிற்பவர் விடை கூற முடியாது.

தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திலும், யூலை, ஓகஸ்டு மாதங்களிலும் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். மன்னார், யாழ்ப்பாணம், நீர்கொழும்பு எனப் பல திசைகளிலிருந்தும் வந்து, மணலிற் கொட்டிலிட்டுத் தங்குகின்றனர். கிறிஸ்தவரல்லாதாரும் வருவர். அவர்கள் கேட்பவை என்ன? நல்ல மீன்பாடு, பிள்ளைவரம், நோய் நீக்கம், பரீட்சையிற் சித்தி, வெளிநாட்டு விசா. மறைநூல் கற்ற சிலர் இதனைக் கண்டு உதட்டைப் பிதுக்குவர். அழியாச் செல்வத்தை நாடவேண்டிய இடத்தில் அழியும் பொருளைக் கேட்பதா என்பர். ஆயினும் அன்றாட அப்பத்தைக் கேட்குமாறு கற்பித்தவரும், அழியாச் செல்வத்தைப் பற்றிப் பேசியவரும் ஒருவரே. அதே மலைப்பிரசங்கத்திலேயே இரண்டும் உள்ளன. கேட்பதில் இழிவில்லை. கேட்டது கிடைத்த பின் என்ன செய்கின்றோம் என்பதே பார்க்கவேண்டியது.

அத்தலத்தின் தோற்றத்தைப் பற்றி வழங்கும் மரபுக் கதையும் உலக வெற்றியை வேண்டிய ஒருவனின் கதையே. கப்பலுடைந்து கரையொதுங்கிய போர்த்துக்கீச வணிகன் ஒருவன் ஆலமர நிழலில் இளைப்பாறினான். தன்னிடமிருந்த அன்னம்மாளின் சுரூபத்தை அம்மரத்தடியில் வைத்தான். தன் வாணிகம் செழித்தால் திரும்பி வந்து அவ்விடத்தில் ஆலயம் எழுப்புவதாக நேர்ந்துகொண்டு போனான். வாணிகம் செழித்தது. அதன் பின் அவனுக்கு இந்த வெறும் மணற்கரையில் எந்த அலுவலும் இருக்கவில்லை. வாங்கவோ விற்கவோ இங்கே சரக்கில்லை. நேர்ச்சையைக் கேட்டிருந்த சாட்சியும் எவருமில்லை. ஆயினும் அவன் கப்பலேறி மீண்டும் வந்தான். ஆலமரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் அருகே ஒரு சிறு கோவிலைக் கட்டிவிட்டுப் போனான்.